துணிக் கூரை கார் ஒழுகினால் எங்கிருந்து தொடங்குவது

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். மழை நாளில் அடுப்படியில் தண்ணீர் சொட்டினால், அடுப்படிக்கு நேர் மேலே இருக்கும் ஓட்டைப் பார்த்துப் பயனில்லை. இன்னும் மேலே எங்கேயோ ஒரு ஓடு விலகியிருக்கும். தண்ணீர் ரீப்பர் கட்டையைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்து, கட்டை முடியும் இடத்தில் சொட்டும். துணிக் கூரை போட்ட காரும் அப்படித்தான். நனைந்த இடம் ஒன்று, தண்ணீர் நுழைந்த இடம் வேறொன்று.

என்னிடம் இருப்பது 1996-ம் வருடத்து மஸ்டா எம்எக்ஸ்-5, துணிக் கூரையை மடக்கித் திறக்கும் கார். இங்கிலாந்தில் பழைய காராக வாங்கினேன். முதல் குளிர்காலத்திலேயே ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கார்ப்பெட் ஊறிப்போனது. காலையில் கதவைத் திறந்தால் ஈரச்சாக்கு வாடை. ஒரு பட்டறையில் காட்டியபோது, கூரைத் துணி போய்விட்டது, புதிது போட வேண்டும் என்றார்கள். போட்டேன். அடுத்த மழையில் அதே இடத்தில் அதே ஈரம். கடைசியில் பார்த்தால், கூரைக்குப் பின்னால் இருக்கும் வடிகால் துளை அடைத்திருந்தது. உள்ளேயிருந்து வந்தது ஒரு கை நிறையக் கறுப்புச் சேறும் மக்கிய இலையும். அதை எடுக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அதனால்தான் இந்த வழிகாட்டியை ஒரு குறிப்பிட்ட வரிசையில் எழுதுகிறேன். செலவில்லாத வேலை முதலில், துணியை மாற்றுவது கடைசியில். அந்த வரிசையை மாற்றாமல் போனால் பெரும்பாலான ஒழுகல் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

உதாரணத்துக்கு எம்எக்ஸ்-5 காரையே வைத்துக்கொள்கிறேன். 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை, 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறை, இரண்டிலுமே கூரையைக் கையால்தான் மடக்க வேண்டும். மோட்டார் இல்லை, எண்ணெய்க் குழாய் இல்லை. 2016-ல் பத்து லட்சம் கார்களைத் தாண்டிய மாடல் என்பதால் உதிரி பாகம் தாராளமாகக் கிடைக்கும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கார் கிடையாது. வேறு கார் வைத்திருப்பவர்களுக்கும் தண்ணீர் ஓடும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் பாகங்களைப் பழகிக்கொள்ளுங்கள்

கூரையை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து நிமிர்ந்து பாருங்கள். முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பில், இடமும் வலமுமாக இரண்டு லாட்ச். இவைதான் கூரையை முன்னால் இழுத்துப் பிடிக்கின்றன. பக்கக் கண்ணாடிகளுக்கு மேலே ரப்பர் பீடிங். எம்எக்ஸ்-5-ல் இது ஒரே நீளமாக இருக்காது. கூரை மடிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டாக இருக்கும். துண்டும் துண்டும் சேரும் இடத்தை நினைவில் வையுங்கள். ஒழுகலுக்கு அது பிடித்தமான இடம்.

பின்னால் கண்ணாடி. முதல் தலைமுறையில் அது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். ஜிப் வைத்துத் தைத்திருப்பார்கள். இரண்டாம் தலைமுறையில் நிஜக் கண்ணாடி வந்தது, சூடாக்கும் கம்பியோடு. ஜிப் போய்விட்டது.

வெளியிலிருந்து தெரியாத பாகம் ஒன்று இருக்கிறது. அதுதான் முக்கியம். கூரைத் துணியின் பின் விளிம்பு காரின் உடலோடு சேரும் இடத்துக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாழ்வாரம் ஓடுகிறது. கூரையின் பின்பக்கம் வழிந்துவரும் மழைநீரை இது பிடித்து, இரண்டு ஓரத்துக்கும் கொண்டுபோகும். ஓரத்தில், சீட் பெல்ட் நிற்கும் தூணுக்குப் பின்னால், ஒவ்வொரு பக்கமும் ஒரு வடிகால் துளை. அங்கிருந்து குழாய் கீழே இறங்கி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் காருக்கு அடியில் தண்ணீரைக் கொட்டும்.

ஆக, இந்தக் காரின் கூரை தண்ணீரை வெளியே தள்ளுவது மட்டுமல்ல, கொஞ்சம் தண்ணீரை உள்ளே வாங்கி, வழி காட்டி வெளியே அனுப்பவும் செய்கிறது. இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எங்கே நனைந்திருக்கிறது?

மழை பெய்த மறுநாள் காலை, காரை நகர்த்துவதற்கு முன்பே கையால் தடவிப் பாருங்கள். காரை எடுத்தால் உள்ளே தேங்கிய தண்ணீர் இடம் மாறிவிடும், பிறகு எதுவும் புரியாது.

இருக்கைக்குப் பின்னால் கார்ப்பெட் ஊறியிருந்தால் முதல் சந்தேகம் வடிகால் மேல், அடுத்தது தாழ்வாரத்தின் மேல். தொடையிலோ கதவின் உள்பக்கத்திலோ சொட்டியிருந்தால் பக்கக் கண்ணாடிக்கு மேலே இருக்கும் பீடிங். முன் கண்ணாடியின் மேல் மூலையிலிருந்து வழிந்திருந்தால் லாட்ச் அல்லது முன் பீடிங். டிக்கிக்குள் தண்ணீர் நின்றால் தாழ்வாரமாக இருக்கலாம், கூரைக்குச் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். டிக்கி மூடியின் ரப்பர், பின் விளக்குகளின் ரப்பர், ஆன்டெனா நுழையும் இடம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-ல் பேட்டரி டிக்கிக்குள் இருப்பதால் அங்கே தண்ணீர் நிற்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில் மட்டும் ஈரமா? விரலில் தொட்டு முகருங்கள். இனிப்பு வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால் அது மழைத்தண்ணீர் இல்லை, ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். அதற்குக் கூரையைத் தொட வேண்டியதில்லை, மெக்கானிக்கிடம் போங்கள்.

வடிகாலைச் சுத்தம் செய்வது

ஈரம் எங்கே இருந்தாலும் சரி, இதை முதலில் செய்துவிடுங்கள். காசு செலவில்லை. செய்யாமல் விட்டால் காரே போய்விடும் என்று சொல்வதில் மிகையில்லை. அடைத்த வடிகாலின் தண்ணீர் பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சில் பெட்டிக்குள், அதாவது கதவுக்கு அடியில் ஓடும் உள்ளே வெற்றான தகட்டுப் பெட்டிக்குள் இறங்கி, உள்ளேயிருந்து வெளியே துருப்பிடிக்க வைக்கும். பெயிண்ட் மேல் கொப்புளம் தெரியும்போது தகடு ஏற்கெனவே பாதி தின்னப்பட்டிருக்கும். இங்கிலாந்தில் பழைய எம்எக்ஸ்-5 வாங்கப் போகிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

கூரையைப் பாதி திறந்து, பின்பகுதி தளர்ந்து நிற்கும்படி வையுங்கள். சீட் பெல்ட் தூணுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். கைக்கு எட்டும் இலை, ஊசியிலை, சேறு எல்லாவற்றையும் விரலால் எடுத்துவிடுங்கள். அப்புறம் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாகத் துளையில் ஊற்றி, காருக்கு அடியில் பாருங்கள். ஊற்றிய வேகத்திலேயே கீழே கொட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தாலோ, மேலே தேங்கினாலோ அடைப்பு இருக்கிறது.

அடைப்பை எடுக்க வளையக்கூடிய ஏதாவது ஒன்று வேண்டும். புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் தடித்த நைலான் கயிறு நன்றாக வேலை செய்யும். ஜன்னல் திரை மாட்டும், பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங் கம்பியும் சரி. நுனியைத் தீயில் லேசாகக் காட்டி மழுங்கடித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து திருகித் திருகி இறக்கி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மறுபடி இறக்குங்கள். கீழ்த் துளையையும் ஒருமுறை கிளறிவிடுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை செய்ய வேண்டும்.

உறையில்லாத இரும்புக் கம்பி வேண்டாம். காற்றழுத்தக் குழாயும் வேண்டாம். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் ஓட்டையாகலாம், அல்லது மேல் இணைப்பிலிருந்து கழன்றுவிடலாம். கழன்றால் நீங்கள் ஊற்றும் தண்ணீர் எல்லாம் நேராக சில் பெட்டிக்குள் போகும். அடைப்பைவிட மோசம் அது. மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் இலையுதிர் காலம் முடிந்ததும் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

கார்ப்பெட்டைக் காயவைப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் இருக்கும் பஞ்சுப் பட்டை தண்ணீரை வாரக்கணக்கில் பிடித்துவைக்கும். கதவடிப் பட்டையின் திருகுகளைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் ஒரு மரக்கட்டை வைத்துக் காற்றோட விடுங்கள். ஒழுகல் நின்றது உறுதியாகும்வரை அப்படியே விடுவது நல்லது, ஏனென்றால் அடுத்த சோதனைக்கும் அது உதவும்.

தண்ணீர்ச் சோதனை

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, மற்றவர் தோட்டத்துக் குழாயோடு வெளியே. குழாயில் தெளிப்பான் எதுவும் மாட்டாதீர்கள், மழை மாதிரி மெல்ல வழிந்தால் போதும். பிரஷர் வாஷரால் அடித்தால் நல்ல கூரையும் ஒழுகும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

கீழிருந்து மேலே போவதுதான் விதி. முதலில் கதவின் கீழ்ப்பகுதி, இரண்டு மூன்று நிமிடம். பிறகு பக்கக் கண்ணாடியின் அடி விளிம்பு. பிறகு கண்ணாடி மேலே பீடிங்கோடு சேரும் இடம். பிறகு முன் மூலைகள், கடைசியில் கூரையின் மேல்பரப்பும் பின் விளிம்பும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டே இறங்கிவிடும், எது ஓட்டை என்று பிரிக்கவே முடியாது. உள்ளே இருப்பவர் "வந்துவிட்டது" என்றதும் நிறுத்தி, வெளியே அந்த இடத்தில் பெயிண்ட்டர்கள் ஒட்டும் காகித டேப் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள்.

எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் பிடிபடாவிட்டால், சந்தேகப்படும் இடத்தின் உள்பக்கம் காய்ந்த நிலையில் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு மறுபடி தண்ணீர் விடுங்கள். தண்ணீர் ஓடிய தடம் பவுடரில் கோடாக விழும். கோட்டைப் பின்தொடர்ந்து மேலே போனால் வாசல் தெரியும்.

பீடிங்கும் லாட்ச்சும்

பீடிங் ஒழுகுவதற்குக் காரணம் எப்போதும் கிழிசல் இல்லை. ரப்பர் வயதாகிச் சப்பிப்போயிருக்கும், அல்லது அழுக்கு படிந்து கண்ணாடியோடு சரியாகப் படியாமல் இருக்கும். முதலில் ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, ரப்பருக்கென்று விற்கும் சிலிகோன் கிரீஸைக் கொஞ்சமாகத் தடவுங்கள். வாசலின், இன்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் மாதிரி எதையும் தடவ வேண்டாம். நாளடைவில் ரப்பர் ஊதி, மெத்தென்று ஆகி, பிய்ந்துவிடும்.

அப்புறம் காகிதச் சோதனை. ஒரு தாள் துண்டைப் பீடிங்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்துக் கதவை மூடுங்கள். தாளை இழுத்தால் ஒரு பிடிப்பு தெரிய வேண்டும். சும்மா உருவிக்கொண்டு வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. ஒரு சாண் இடைவெளியில் இப்படியே சுற்றி வாருங்கள். பிடிப்பில்லாத இடம் ஒன்றிரண்டு என்றால், பீடிங்கைப் பிடித்திருக்கும் உலோகப் பட்டையின் திருகுகளைத் தளர்த்துங்கள். அந்தத் திருகுத் துளைகள் நீளவாக்கில் இருப்பதால் பட்டையைக் கொஞ்சம் வெளியே நகர்த்தி மறுபடி இறுக்கலாம். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் போதும். பக்கம் முழுவதும் பிடிப்பில்லை என்றால் பிரச்சினை கதவுக் கண்ணாடியின் கோணத்தில் இருக்கலாம். அதைத் திருத்தக் கதவின் உள்பலகையைக் கழற்ற வேண்டும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

முன் மூலை ஒழுகினால் லாட்ச்சைப் பாருங்கள். காலம் போகப் போக அதன் இழுவை தளரும். கொக்கி எவ்வளவு இறுக்கமாக இழுக்க வேண்டும் என்பதை மாற்றிக்கொள்ள அதிலேயே திருகு வசதி உண்டு. ஒரு தடவைக்கு அரைச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே அளவு. லாட்ச் ஒரு கையால் மூட முடிகிற அளவுக்கு இருக்க வேண்டும், ஆனால் கடைசியில் ஒரு அழுத்தம் தேவைப்பட வேண்டும். உடம்பைச் சாய்த்துத்தான் மூட முடிகிறது என்றால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள். அப்படியே விட்டால் கொக்கி ஒடியும்.

இடைவெளி தெரிகிறதே என்று சிலிகோன் சீலன்ட்டை வாங்கிப் பூசிவிடாதீர்கள். எத்தனையோ நல்ல கார்களை இப்படிப் பார்த்துவிட்டேன், மனம் கேட்பதில்லை. சிலிகோன் ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு வேறு எந்தப் பசையும் ஒட்டாது. உண்மையான பழுதுபார்ப்பையும் அது கெடுத்துவிடும்.

கூரைத் துணியில் கிழிசல்

இங்கே முதலில் உங்கள் கூரை எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 பெரும்பாலும் வினைலோடு வந்தது, தோல் மாதிரி வழவழப்பாக இருக்கும். பிறகு மாற்றியவர்கள் பலர் நெய்த துணி போட்டிருப்பார்கள். இங்கிலாந்தில் இதை மொஹேர் என்று சொல்லி விற்பார்கள். பெயர் ஆட்டு முடியிலிருந்து வந்தது, இன்றைய துணியில் ஆடும் இல்லை முடியும் இல்லை. ஸ்டேஃபாஸ்ட் போன்ற துணிகளில் மேலே சாயம் ஏற்றிய அக்ரிலிக் நெசவு, நடுவில் ரப்பர் படலம், அடியில் இன்னொரு துணி என்று மூன்று அடுக்கு. தண்ணீரைத் தடுப்பது நடு அடுக்கு. மேல் நெசவு கொஞ்சம் தேய்ந்தாலும் கூரை ஒழுகாமல் இருப்பது அதனால்தான்.

முதலில் விடுவது பெரும்பாலும் நூல். வெயிலில் தையல் நூல் நைந்து, மடிப்பு வாய்பிளக்கும். பிளந்தது ஒரு சாணுக்குள் என்றால் கையாலேயே தைக்கலாம். செருப்புத் தைக்கும் குத்தூசியும், வளைந்த ஊசியும், வெயிலைத் தாங்கும் பாலியஸ்டர் நூலும் வேண்டும். பாய்மரத் துணி தைப்பவர்களுக்கான கடைகளில் கிடைக்கும். பருத்தி நூலில் தைத்தால் சீக்கிரமே மக்கிவிடும். பழைய ஊசித் துளைகள் வழியாகவே தையுங்கள். புதுத் துளை ஒவ்வொன்றும் புது ஓட்டை. பிளவுக்கு இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் நல்ல தையலுக்குள் போய் நிறுத்துங்கள். முடிந்ததும் துணிக் கூடாரங்களுக்கு விற்கும் தையல் சீலரை உள்பக்கமிருந்து தடவிவிடுங்கள்.

கிழிசலுக்கு ஒட்டுப் போடுவதும் உள்பக்கமிருந்துதான். வெளியே ஒட்டினால் காற்று ஓரத்தைப் பிடித்துத் தூக்கும், பார்க்கவும் நன்றாக இருக்காது. அதே ரகத் துணியில், கிழிசலைவிடச் சுற்றிலும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக ஒரு துண்டு வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக்குங்கள், கூர் மூலைதான் முதலில் உரியும். இரண்டு பரப்பையும் ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்ததும் காண்டாக்ட் பசை மெல்லிசாக இரண்டிலும் பூசி, தொட்டால் ஒட்டாத பதம் வந்தபின் சேர்த்து அழுத்துங்கள். வினைலுக்கு வினைலுக்கான பசையே வேண்டும். வேலை நடக்கும்போது கதவு இரண்டும் திறந்திருக்கட்டும், அந்தப் பசையின் ஆவி தலைசுற்ற வைக்கும்.

கூரை மடியும் இடத்தில் விழுந்த கிழிசலுக்கு ஒட்டு நிற்காது. மடக்கும் ஒவ்வொரு முறையும் அது பிரியும். அந்தக் கூரையை மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்று. வேகமாகப் போகும்போது பக்கக் கண்ணாடிக்கு மேலே துணி படபடவென்று அடிக்கிறதா? துணி விளிம்புக்குள் ஒரு மெல்லிய எஃகுக் கேபிள் ஓடுகிறது, ஸ்பிரிங்கால் இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். அது அறுந்திருக்கும் அல்லது கழன்றிருக்கும். மாற்றும்போது பழைய கேபிளின் ஒரு நுனியில் உறுதியான நூலைக் கட்டிவிட்டு உருவுங்கள். நூல் உள்ளே நின்றுவிடும். அதில் புதுக் கேபிளைக் கட்டி இழுத்தால் தானாக வழி பிடித்துப் போகும். பாவாடைக்கு நாடா கோக்கும் அதே வேலைதான்.

பின் கண்ணாடி

பிளாஸ்டிக் கண்ணாடி வைத்திருப்பவர்கள் ஒரு பழக்கத்தை உடனே பழகிக்கொள்ளுங்கள். கூரையை இறக்குமுன் ஜிப்பைத் திறந்து, கண்ணாடியைத் தட்டையாகப் படுக்கவைத்து, மேலே ஒரு மெல்லிய துண்டை விரித்துவிட்டு, அதற்குப் பிறகு மடக்குங்கள். ஜிப்பைத் திறக்காமல் மடக்கினால் பிளாஸ்டிக் இரண்டாக மடிந்து கோடு விழும், கோடு நாளைக்கு வெடிப்பாகும். கடுங்குளிரில் இறக்கவே வேண்டாம், குளிர்ந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி உடையும்.

மங்கிப்போயிருந்தால் பிளாஸ்டிக் பாலிஷை மெல்லிய பருத்தித் துணியில் தொட்டு, சிறு வட்டமாகத் தேயுங்கள். மேற்பரப்பு மங்கல் போய்விடும். பிளாஸ்டிக்கே உள்ளுக்குள் மஞ்சளித்திருந்தால் போகாது. ஜிப் இறுகினால் மெழுகுவத்தியைப் பல்லில் தேய்த்து இரண்டு மூன்று தடவை ஓட்டுங்கள்.

நிஜக் கண்ணாடி உள்ள கூரைகளில் வேறு நோய். பல கார்களில் கண்ணாடியைத் துணியோடு பசையால்தான் ஒட்டியிருப்பார்கள். வருடங்கள் கழித்துப் பசை விட்டு, மேல் விளிம்பு பிளக்கும். பிளவு சின்னதாக இருக்கும்போதே கவனித்தால் வீட்டில் ஒட்டலாம். லாட்ச்சைத் திறந்து முன்பக்க இழுவையைத் தளர்த்துங்கள். பழைய பசையைச் சுரண்டி, கண்ணாடியையும் துணியையும் ஸ்பிரிட்டால் துடைத்து, முன் கண்ணாடி ஒட்டப் பயன்படும் யூரித்தேன் பசையைப் போட்டு, உள்ளே ஒரு பலகையும் வெளியே ஒரு பலகையும் வைத்து அழுத்திப் பிடிக்கச் செய்யுங்கள். பசை டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைவிட ஒரு நாள் கூடுதலாக விட்டு, அப்புறம் லாட்ச்சைப் போடுங்கள். உடனடிப் பசை இங்கே உதவாது, காய்ந்ததும் கல்லாகி, முதல் அதிர்விலேயே விட்டுவிடும்.

கழுவுவதும் தண்ணீர் புகாமல் ஆக்குவதும்

மென்மையான பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர், துணிக் கூரைக்கான சோப்பு. நெசவு ஓடும் திசையிலேயே தேயுங்கள். ப்ளீச், பாத்திரம் தேய்க்கும் சோப்பு இரண்டும் வேண்டாம். தானியங்கிக் கார் கழுவும் நிலையத்துப் பிரஷ்களுக்குள் இந்தக் காரை விடவே கூடாது.

மழைத்துளி துணிமேல் உருண்டு ஓடாமல் ஊறி இறங்கினால் தண்ணீர் விலக்கும் பூச்சு தேய்ந்துவிட்டது. துணி முழுக்கக் காய்ந்தபின், பெயிண்ட்டையும் கண்ணாடியையும் மூடி மறைத்துவிட்டு, ஸ்பிரேயை இரண்டு தடவை மெல்லிசாக அடியுங்கள். இது நெய்த துணிக்குத்தான். வினைலுக்குத் தேவையில்லை. எந்தக் கூரையாக இருந்தாலும் ஈரத்தோடு மடக்கி வைக்கக் கூடாது. ஒரே வாரத்தில் பூஞ்சை வந்துவிடும், அந்தக் கறை லேசில் போகாது.

மோட்டாரில் இயங்கும் கூரையாக இருந்தால்

பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். சத்தமே இல்லை என்றால் மின்சாரப் பக்கம். பேட்டரி பலவீனமாக இருந்தால் கூரை இயங்க மறுக்கும், எனவே இன்ஜினை ஓடவிட்டு முயலுங்கள். ஃப்யூஸைப் பாருங்கள். பல கார்களில் டிக்கிக்குள் ஒரு தடுப்புத் திரை இருக்கும், கூரை மடிந்து உட்கார வேண்டிய இடத்தில் சாமான் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அது அதன் இடத்தில் மாட்டப்படாவிட்டால் கூரை அசையாது. பி.எம்.டபிள்யூ ஈ46 வாங்கிய பலர் பட்டறைவரை போய்த் திரும்புவது இந்தத் திரைக்காகத்தான்.

கூரையைத் தூக்கும் எண்ணெய் பம்ப் சுற்றும் சத்தம் வருகிறது, கூரை நகரவில்லை அல்லது ஒரு பக்கம் பின்தங்குகிறது என்றால் எண்ணெய் குறைந்திருக்கும், எங்கோ கசியும். எந்த எண்ணெய் என்று காரின் கையேட்டில் பார்க்காமல் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். தவறான எண்ணெய் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களை அழித்துவிடும். கையால் மூட வேண்டிவந்தால், பம்ப்பின் அழுத்தத்தை விடுவிக்கும் வழியைக் கையேடு சொல்லும். அதைச் செய்யாமல் பலத்தால் இழுத்தால் சட்டம் வளையும். பாதியில் நிற்கும் கூரைக்கு அடியில் கை வைக்குமுன் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுங்கள், சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள். விரலை நசுக்கும் பலம் அதற்கு உண்டு.

கூரையையே மாற்ற வேண்டியிருந்தால்

மேலே சொன்ன எல்லாம் பார்த்தாகிவிட்டது, துணி மடிப்பில் கிழிந்துவிட்டது அல்லது தாழ்வாரமே வெடித்துவிட்டது என்றால் மாற்றுங்கள். எம்எக்ஸ்-5-ல் இதை வீட்டில் செய்யலாம். முதல் முறை செய்பவருக்கு ஒரு சனி ஞாயிறு முழுதாகப் போகும். இரண்டாம் தலைமுறையின் கண்ணாடிக் கூரை முதல் தலைமுறைக் காரிலும் பொருந்தும் என்பதால், பிளாஸ்டிக் கண்ணாடியோடு அல்லாடியவர்கள் இந்தச் சந்தர்ப்பத்தில் மாறிக்கொள்வார்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

கூரைச் சட்டத்தைக் காரிலேயே வைத்து வேலை செய்யப் பார்க்காதீர்கள். பின் விளிம்பைப் பிடித்திருக்கும் உலோகப் பட்டைகளின் 10 மி.மீ. நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். சிலது கைக்கு எட்டாத மூலையில் இருக்கும், பொறுமை வேண்டும். நட்டு கீழே விழுந்தால் தேடி எடுத்துவிடுங்கள், உருண்டு வடிகாலுக்குள் போனால் பழைய கதை திரும்பும். பிறகு ஒவ்வொரு பக்கமும் சட்டத்தைப் பிடிக்கும் போல்ட்டுகள். அப்புறம் இரண்டு பேராகச் சட்டத்தைத் தூக்கி, துணி விரித்த மேசையில் வையுங்கள். பழைய துணி ரிவெட்டால் பிடிக்கப்பட்டிருக்கும் இடங்களை டிரில் போட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் எடுக்குமுன் போட்டோ எடுங்கள். எந்த மடிப்பு எந்தக் கம்பிக்கு மேலே போகிறது என்பது மறுநாள் நினைவிருக்காது.

புதுக் கூரை வாங்கும்போதே புதுத் தாழ்வாரமும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். பழைய பிளாஸ்டிக் வெயிலில் மொறமொறத்துப் போயிருக்கும், இந்த ஒரு தடவைதான் அதை மாற்ற வசதி கிடைக்கும். மாட்டும்போது தாழ்வாரத்தின் இரண்டு நுனியும் வடிகால் துளைக்குள் தண்ணீரைக் கொட்டும்படி நிற்கின்றனவா என்று விரல் விட்டுப் பாருங்கள். நுனி மடங்கியோ வெளியே நீட்டியோ இருந்தால் தண்ணீர் கார்ப்பெட்டுக்குத்தான் போகும்.

புதுத் துணி முதலில் மிகவும் இறுக்கமாக இருக்கும், லாட்ச் எட்டாத மாதிரி தெரியும். காரை வெயிலில் சில மணி நேரம் நிறுத்துங்கள், அல்லது உள்ளே ஹீட்டரைப் போட்டுச் சூடாக்குங்கள். துணி கொஞ்சம் இளகியதும் இரண்டு பேராக இழுத்து மூடலாம். மூடியபின் ஒரு வாரம் திறக்காமல் விடுங்கள், அது சட்டத்துக்கு ஏற்றபடி படிந்துகொள்ளும். அந்த வாரம் முடிந்ததும் ஒவ்வொரு வடிகாலிலும் மறுபடி அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, அது சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதன்பிறகு கார்ப்பெட்டைத் திரும்பப் போடுங்கள்.